மண்ணிலிருந்து எலும்புக்கு: ஈயம் உடலில் சேரும் வழி

மருதானை, பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகன உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே வாழும் நம்மிடம் ஒரு பேச்சு உண்டு: "மண்ணில விளையாடினாத்தான் புள்ள திடமா வளரும்." ஈயம் கலந்த மண்ணுக்கு இது பொருந்தாது.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஆனால் ஈயம் மட்கிப் போகும் பொருளல்ல. அன்றைய வாகனப் புகையில் படிந்ததும், பழைய பெயின்ற் உதிர்ந்ததும், பற்றரி உடைத்த இடத்தில் சிந்தியதும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும்.

தோல் வழியாக அது அதிகம் நுழையாது. விரல், வாய், குடல்: இதுதான் பாதை. குடல் அதைக் கல்சியம் என்று ஏமாந்து உள்ளே விடுகிறது. விழுங்கிய ஈயத்தில் வளர்ந்தவர் உடல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை எடுத்தால், சிறுபிள்ளையின் உடல் பாதியளவை எடுத்துவிடும். இரும்பு, கல்சியம் குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூடும். இரத்தத்தில் அது சில வாரங்கள் இருக்கும், எலும்பிலோ பல்லாண்டுகள். கர்ப்பகாலத்தில் உம்மாவின் எலும்பிலிருந்து கரைந்து கருவுக்கும் போகும். மூளை வளர்ச்சியில் அது செய்யும் கேடு பெரும்பாலும் மீளாது. பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஈயம் பல மடங்கு கூடுதலாக உறிஞ்சப்படும். பற்றரி வேலை, ஈயப்பற்று வேலை செய்பவர் அந்தக் கையோடு பேரீச்சம்பழம் எடுத்து நோன்பு திறக்கக் கூடாது. வெறும் தண்ணீர் போதாது. வுழூவுக்கு முன்பே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.