ஊர் மாறினால் இளைப்பு அடங்குமா?

குழந்தைக்கு அடிக்கடி வீசிங் வருகிறது, நெபுலைசர் இல்லாமல் ராத்திரி கழிவதில்லை என்று சொல்லிப் பாருங்கள். "இந்த ஊர் காத்து ஒத்துக்கல, பேசாம வேற ஊருக்கு மாத்திட்டுப் போயிடுங்க" என்று யாராவது ஓர் உறவினர் சொல்லுவார். அக்கறையோடு சொல்வதுதான், அதில் ஓரளவு உண்மையும் உண்டு. அது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வேலையையும் பள்ளிக்கூடத்தையும் மாற்றுவது நல்லது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்றொரு பாலைவன நகரம் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழைதான். ஆஸ்துமா, காசநோய் உள்ளவர்களைச் சென்ற நூற்றாண்டில் டாக்டர்களே அங்கே போகச் சொன்னார்கள். போனவர்கள் பாலைவனத்தைப் பாலைவனமாக விடவில்லை. வீட்டைச் சுற்றிப் புல்தரை போட்டார்கள், நிழலுக்கு முசுக்கொட்டையும் ஆலிவும் நட்டார்கள். பழம் விழுந்து வாசல் கறையாகக் கூடாதென்று காய்க்காத ஆண் முசுக்கொட்டையாகப் பார்த்து வைத்தார்கள். மகரந்தத்தைக் காற்றில் கொட்டுவதே ஆண் மரங்கள்தான். புல்தரைக்குப் போட்ட பெர்முடா புல் வேறொன்றுமில்லை, நம் அருகம்புல். அதன் மகரந்தமும் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. கடைசியில் 1980களில், அந்த நகரம் அடங்கிய பீமா கவுண்டி நிர்வாகம் அந்த மரங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. அதே ஊர்க் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியாளர்கள், அங்கே ஆஸ்துமாவோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வந்தது ஆல்டர்நேரியா என்ற பூஞ்சைக்கான ஒவ்வாமை என்று கண்டார்கள். பாலைவனத்திலும் பூஞ்சை!

அப்படியானால் வறண்ட ஊர் நல்லது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்குக் காரணம் தூசி உண்ணி, டாக்டர்கள் டஸ்ட் மைட் என்பார்கள். சுமார் 0.3 மில்லிமீட்டர் நீளம், வெறும் கண்ணுக்குப் புலப்படாது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. அதன் கழிவுதான் மூக்கையும் மூச்சுக்குழாயையும் தொல்லைப்படுத்துகிறது. இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் உலர்ந்து சாகிறது. 70, 80 சதவீதம் என்றால் பெருகுகிறது. கடலோரத்தில் இருக்கும் சென்னையும் நாகப்பட்டினமும் அதற்கு எவ்வளவு வசதியான ஊர்கள் என்பது இப்போது புரியும். வறண்ட ஊரிலும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலரை வைத்தால் அறைக்குள் ஈரம் ஏறி, அங்கேயும் இது குடியேறிவிடும்.

மலை வாசம் நல்லது என்ற நம்பிக்கையும் இந்தப் பூச்சியோடு சம்பந்தப்பட்டதுதான். இத்தாலியில் ஆல்ப்ஸ் மலைமேல், சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் மிசுரினா என்ற இடத்தில் தூசி உண்ணி ஒவ்வாமை உள்ள குழந்தைகளைச் சில மாதங்கள் தங்க வைத்தார்கள். மூச்சுக்குழாயின் எரிச்சல் குறைந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் பழையபடி கூடிவிட்டது. உதவியது உயரம் என்பதைவிட, அந்த உயரத்தில் இருக்கும் உலர்ந்த காற்று என்று சொல்வதே சரி. ஊட்டி அதைவிட உயரம், 2,240 மீட்டர். ஆனால் மழைக்காலத்தில் அங்கே துணி காயாது, சுவரில் பூஞ்சை படரும், குளிருக்கு மூட்டிய விறகுப் புகை வீட்டுக்குள்ளேயே சுற்றும். குளிர்ந்த காற்றே சிலருக்கு இளைப்பைக் கிளப்பும். ஆகவே ஆல்ப்ஸில் கிடைத்த பலனை நீலகிரியில் எதிர்பார்க்க முடியாது.

சரி, வறண்ட ராமநாதபுரம் பக்கம் போகலாமா? அங்கே சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது. அதன் மகரந்தமும் ஒவ்வாமை தரும். பெங்களூருக்குப் போனால் பார்த்தீனியம் என்ற களைச்செடியின் மகரந்தம் இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வாமை சுபாவம் உள்ள உடம்பு புது ஊரின் மகரந்தத்தோடு சில ஆண்டுகள் பழகியபின், அதற்கும் ஒவ்வாமையை வளர்த்துக்கொள்ளலாம். முதல் ஆண்டு சுகமாக இருந்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

வீட்டைக் காலி செய்வதற்கு முன், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடியுங்கள். ஸ்கின் பிரிக் டெஸ்ட் என்று கேட்டால் செய்வார்கள். முன்கையில் ஒவ்வாமைப் பொருள்களின் சாற்றைச் சொட்டுச் சொட்டாக வைத்து லேசாகக் குத்துவார்கள். கால் மணி நேரத்தில், ஒத்துக்கொள்ளாத பொருள் வைத்த இடம் கொசு கடித்ததுபோல் தடிக்கும். அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கூடவே எந்த மாதம், எந்த அறையில், எந்த நேரத்தில் தொல்லை வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

தூசி உண்ணிதான் காரணம் என்றால் முதலில் படுக்கையறையை மாற்றிப் பாருங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த உறை, வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்த விரிப்பு, ஈரப்பதம் காட்டும் ஒரு சிறிய மீட்டர், ஏ.சி. இருந்தால் அதன் டிரை மோடு. கொசுவர்த்தியும் சாம்பிராணியும் அந்த அறைக்குள் வேண்டாம். ஊர் மாற்றத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் இதற்கு ஆகும்.

மகரந்தமோ ஆலைப் புகையோ காரணமாகி, ஊர் மாறியே ஆக வேண்டும் என்றால் தாராளமாக மாறுங்கள். ஆனால் கோடை விடுமுறையில் நாலு நாள் தங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அந்த ஊரின் மழைக்காலத்தில் ஒருமுறை, பூப்பூக்கும் பருவத்தில் ஒருமுறை, லாட்ஜில் இல்லாமல் ஒரு வீட்டில் சில வாரம் தங்குங்கள். காலையும் மாலையும், ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதி, வரும் எண்ணைக் குறித்து வாருங்கள். இளைப்பு வந்தால் எடுக்கும் இன்ஹேலர் எப்போதும் பையில் இருக்கட்டும். புது ஊரில் மூச்சு எவ்வளவு லேசாக இருந்தாலும், தினசரி எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.