பென்சிலோடு போங்கள்!

குழந்தைகளே! காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டதா? விடுமுறையில் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்று வாருங்கள். இது 1851-ல் தொடங்கப்பட்டது. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை!

என் மாணவர்கள் உள்ளே நுழைந்ததும் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்க்கத்தான் ஓடுவார்கள். நீங்களும் பாருங்கள். ஆனால், அமராவதி சிற்பங்களைத் தவறவிடாதீர்கள்.

ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் இருக்கிறது அமராவதி. அங்கே சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் பெரிய புத்த ஸ்தூபி இருந்தது. சுண்ணாம்புப் பாறையில் யானைகள், அரசர்கள், தாமரைகள் என்று அழகழகாகச் செதுக்கியிருந்தார்கள். பிற்காலத்தில் அதன் அருமை தெரியாதவர்கள் கற்களைப் பெயர்த்துக் கட்டடம் கட்டினார்கள். சில சிற்பங்களைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியும் விட்டார்கள். எவ்வளவு பெரிய இழப்பு!

1816-ல் காலின் மெக்கன்சி என்ற பிரிட்டிஷ் அதிகாரி அங்கே சென்று, மீதியிருந்த சிற்பங்களைப் படமாக வரையச் செய்தார். அவற்றுள் பல பிறகு காணாமல் போயின. இன்று அவற்றை அந்தப் படங்களில் மட்டுமே பார்க்க முடியும்! தப்பிய சிற்பங்களில் சில லண்டனிலும் சில எழும்பூரிலும் உள்ளன.

அதனால்தான் சொல்கிறேன், நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். பிடித்த ஒரு சிற்பத்தின் முன் பத்து நிமிடம் நின்று வரையுங்கள். கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை. கை வரைந்ததை மனம் மறக்காது!