கட்டளைநிரலில் பிழை வெளியீட்டைப் பதிவுசெய்தல்

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரு கட்டளையின் வெளியீடு இருவழிப்பட்டது: 1 என்னும் எண்ணுடைய இயல்பு வெளியீடு, 2 என்னும் எண்ணுடைய பிழை வெளியீடு. 1970களில் ஒளி அச்சுக்கோப்புப் பொறிக்கு அனுப்பிய ஆவணங்களுக்கு மாறாகப் பிழைச்செய்திகள் அச்சாகிய பட்டறிவே இப்பிரிப்பிற்கு வழிவகுத்தது.

இப்பிரிப்பைக் கருதாத நிரல் ஆய்வுத் தரவைக் குறைபடச் செய்யும். பழைய நூல்களின் பக்கப் படங்களை டெசராக்ட் எழுத்துணரிவழிப் பனுவலாக்கும் நிரலைச் சான்றாகக் கொள்ளலாம். அதில் '>' குறி இயல்பு வெளியீட்டை மட்டுமே கோப்பில் சேர்க்கும். திறக்க இயலாத படத்திற்கு வெற்றுக் கோப்பே எஞ்சும். அதற்கான காரணம் திரையில் தோன்றி மறையும். அத்தரவைக்கொண்டு ஒரு சொல் அந்நூலில் வழங்கவில்லை எனத் துணிவது பிழையாகும்.

'2>&1' என இரண்டையும் இணைப்பின், பிழைச்செய்தி பனுவலுக்குள் கலந்துவிடும். எனவே '2>> பிழைகள்' எனத் தனிக்கோப்பில் தொடர்ந்து சேர்ப்பதே தக்கது. '2>' எனின் ஒவ்வொரு பக்கத்தின் செய்தியும் முந்தையதை அழித்துவிடும்.

எனினும், செய்தி உண்டென்பதாலேயே கட்டளை தோல்வியுற்றதாகாது. வெற்றியுற்றபோதும் டெசராக்ட் சில குறிப்புகளைப் பிழை வழியிலேயே தரும். ஆகவே கட்டளை முடிந்தவுடன் '$?' வழி முடிவுக் குறியீட்டைப் படித்து, அது 0 அல்லாத பக்கங்களின் பெயரையும் பதிவுசெய்தல் வேண்டும். அப்பட்டியலே தரவின் எல்லையை ஆய்வாளருக்கு உணர்த்தும்.