ஈரம் போகும் வழி

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்பட்டு நண்பகலில் வியர்வையும் பால்கறையுமாகத் திரும்பிய தொழிலாளியின் உடுப்பைத் துவைத்து, மறுநாள் வைகறைக்குள் உலர்த்திக் கொடுக்க வேண்டிய பொறுப்பு, லயத்து வீட்டுப் பெண்களைத் தலைமுறை தலைமுறையாக வருத்தி வந்த ஒன்றாகும். ஏப்ரல் மாதத்திலும், மீண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும், பிற்பகல் வேளைகளில் இடியோடு கூடிய பெருமழை பொழிகிற இப்பிரதேசத்தில், காலையில் கொடியில் விரித்த துணி மாலையில் அதே ஈரத்தோடு வீட்டுக்குள் வருவது சாதாரண நிகழ்ச்சி. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறியும், சென்டாயான் போன்ற இடங்களில் தோட்ட நிலமே புதிய நகரமாக எழும்பியும் போன பிறகு, முற்றமும் கொடிக்கம்பமும் இல்லாத தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிய குடும்பங்கள், அந்தப் பழைய பொறுப்பைத் துணி உலர்த்தும் யந்திரத்திடம் ஒப்படைத்திருக்கின்றன.

டிரையர் என்று வீட்டாரால் அழைக்கப்படும் அந்த யந்திரம், வாங்கிய புதிதில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்த வேலையை, சில ஆண்டுகள் சென்றபின் மூன்று மணி நேரத்திற்கு இழுத்தடிக்குமானால், அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று தீர்மானித்துப் புதிய யந்திரம் வாங்கப் புறப்படுவது பெரும்பாலோர் வழக்கமாக இருக்கிறது. அத்தீர்மானத்திற்கு முன்னால் ஒரு விசாரணை நிகழ்த்தப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். உலர்த்துதல் என்னும் காரியத்தின் சூட்சுமங்களைத் தன் பிழைப்புக்காகவே கற்றுத் தேர்ந்த பூமி இது; சிரம்பானைச் சுற்றியும், ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ் முதலிய ஊர்ப்பக்கங்களிலும் இருந்த தோட்டங்களின் புகைக்கூடங்கள் அக்கல்வி நடந்த பள்ளிக்கூடங்கள்.

முதலில் காற்றின் இயல்பைக் கவனிப்போம். 30 டிகிரி உஷ்ணத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும் சக்தி உடையது. ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும் ஒரு நாளில், அந்தச் சக்தியில் 24 கிராம் ஏற்கெனவே நிரம்பிவிட, துணியிடமிருந்து பெற்றுக்கொள்ள மிஞ்சியிருப்பது 6 கிராம் இடம் மட்டுமே. மலைத்தொடரின் மறைவில் இருப்பதால் தீபகற்ப மலேசியாவிலேயே மழை குறைந்த பகுதி என்று பெயர் பெற்ற ஜெலுபுவில்கூட ஆண்டு மழை சுமார் 1,650 மில்லிமீட்டர் என்றால், மற்ற இடங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 28 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் கொண்ட அதே காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீராவி ஒரு துளியும் குறையாத போதிலும், அதன் ஈரப்பதம் சுமார் 16 சதவீதத்திற்கு இறங்கிவிடுகிறது. நிரம்பி வழிந்த காற்று தாகம் கொண்ட காற்றாக மாறிவிடுகிறது. உலர்த்தும் சாதனங்கள் அனைத்திற்கும் ஆதாரமான தத்துவம் இதுவே.

இத்தத்துவத்தைத் தோட்டத்துப் புகைக்கூடம் எவ்வாறு பிரயோகித்தது என்பது அறியத் தக்கது. மரத்திலிருந்து இறக்கிய பாலில் பார்மிக் அமிலம் சேர்த்து உறையவைத்து, அந்த உறைபாலை உருளைகளுக்கிடையே பிழிந்து சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள தகடுகளாக்கி, கடைசி உருளையில் வரிவரியான பள்ளங்கள் பதியச் செய்வார்கள். தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காத்த அவ்வரிகளே, காற்றுப் படும் பரப்பை அதிகரித்து உலர்வதைத் துரிதப்படுத்தவும் செய்தன. தண்ணீர் சொட்டி வடிந்த பிறகு, தகடுகள் கழிகளில் தொங்கவிடப்பட்டுப் புகைக்கூடத்திற்குள் சென்று, ரப்பர் விறகின் நெருப்பில் மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை தங்கும். முதல் நாளில் உஷ்ணம் 40 டிகிரியை ஒட்டியிருக்க, பிறகு படிப்படியாக 60 டிகிரி வரை உயர்த்தப்படும். புகையிலுள்ள ரசாயனப் பொருள்கள் பூஞ்சணம் பிடிக்காமல் காத்தன. வெள்ளையாக உள்ளே சென்ற தகடு, தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் தன்மையோடு வெளியே வந்தது. நடுவே வெண்புள்ளி தெரிந்தால் அங்கே ஈரம் இன்னும் குடியிருக்கிறது என்று பொருள்.

நெருப்பைக் காத்து நின்றவர்கள் விழிப்போடு கவனித்த விஷயம் ஒன்று உண்டு. கூரையில் இருந்த காற்றுப் போக்கிகளை முதல் நாளில் அகலத் திறந்து வைத்து, தகட்டின் ஈரம் குறையக் குறையவே அவற்றைச் சுருக்குவார்கள். எவ்வளவு விறகு எரித்தாலும், தகட்டிலிருந்து கிளம்பிய நீராவி வெளியேற மார்க்கம் இல்லாவிட்டால், கூடம் முழுவதும் ஆவியால் நிரம்பி, தகடு வெந்து கொண்டிருக்குமே தவிர உலராது. அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினாலோ, தகட்டில் கொப்புளங்கள் எழும்பி அதன் தரம் தாழ்ந்துவிடும். ஈரத்தைப் பொருளிலிருந்து பிரிப்பது உஷ்ணத்தின் வேலை, பிரிந்த ஈரத்தைக் கொண்டுபோய் வெளியே விடுவது காற்றின் வேலை. இவ்விரண்டில் காற்றின் வேலை தடைப்படும்போது உஷ்ணத்தின் உழைப்பும் வியர்த்தமாகிறது.

வீட்டு யந்திரம் இதே புகைக்கூடத்தின் சிறிய வடிவமேயாகும். விறகுக்குப் பதிலாகச் சூடேற்றும் கம்பிச்சுருள், கூரைப் போக்கிக்குப் பதிலாக விசிறியும் குழாயும், கழிகளுக்குப் பதிலாகத் துணிகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும் உருளை. அதன் வேகத்தை நியாயமாக எடைபோட விரும்புகிறவர் ஒரு சிறு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்குவதற்கு ஏறக்குறைய 2,400 கிலோஜூல், அதாவது சுமார் 0.67 யூனிட் மின்சாரம் தேவை. ஐந்து கிலோ பருத்தித் துணியை நிமிடத்திற்கு 800 சுற்று வேகத்தில் பிழிகிற சலவை யந்திரம், அதில் சுமார் மூன்றரை லிட்டர் நீரை விட்டுவைக்கிறது. 2,000 வாட் திறனுள்ள உலர்த்தி, தன் உஷ்ணத்தில் ஒரு சிறிதும் வீணாக்காமல் உழைத்தாலும், அந்நீரை ஆவியாக்க 70 நிமிடங்கள் ஆகும். 1,200 வாட் திறனுள்ள சிறிய யந்திரமாயின் இரண்டு மணி நேரம். ஆகவே ஒன்றரை மணி நேரமோ, சிறிய யந்திரத்தில் இரண்டரை மணி நேரமோ ஆவதைக் கண்டு அதைக் குற்றவாளியாக்குவது, இயற்கை விதியின் மீது வழக்குத் தொடுப்பதாகும்.

உண்மையிலேயே தாமதிக்கிறதா என்று நிர்ணயிக்க எளிய பரீட்சை இருக்கிறது. பிழிந்த துணியை எடை போட்டு உள்ளே இட்டு, அரை மணி நேரம் ஓடவிட்டு மீண்டும் எடை போடுங்கள். 2,000 வாட் யந்திரம் அந்த நேரத்தில் முக்கால் கிலோவுக்குக் குறையாமல் நீரை வெளியேற்றியிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். கால் கிலோவே போயிருந்தால் எங்கோ பழுது உண்டு. அடுத்தபடியாக, காற்று வெளிவரும் வாயில் கையை வைத்துப் பாருங்கள். உஷ்ணம் இருந்து காற்று பலவீனமாக வந்தால், வழி அடைபட்டிருக்கிறது. காற்று பலமாக வந்து உஷ்ணம் இல்லாதிருந்தால், கம்பிச்சுருளோ உஷ்ணக் கட்டுப்பாட்டுக் கருவியோ கெட்டிருக்கிறது. இரண்டும் செவ்வையாக இருந்தும் துணி காயாவிட்டால், குற்றம் யந்திரத்திற்கு வெளியே, நாம் இடும் சுமையிலோ அதை வைத்திருக்கும் இடத்திலோ இருக்கிறது.

இம்மூன்றில் அடிக்கடி நேர்வது முதலாவதுதான். துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசு, வலைவடிகட்டியில் மட்டுமன்றி, அதைக் கடந்து உள்ளே சென்று, குழாயின் மடிப்புகளிலும் படிகிறது. நீராவியைக் குளிரச்செய்து தொட்டியில் சேர்க்கும் வகை யந்திரமானால், அதன் குளிர்விக்கும் தகடுகளிலும் அது அடைந்துவிடுகிறது. பார்வைக்குச் சுத்தமாகத் தோன்றும் வலையிலும், துணியை மென்மையாக்கும் திரவங்களின் மெழுகுப் படலம் படிந்திருக்கக் கூடும். குழாயடியில் வலையைப் பிடித்து, தண்ணீர் வழிந்தோடாமல் மேலே தேங்கி நின்றால், சோப்பு நீரில் மென்மையான தூரிகையால் தேய்த்து அலச வேண்டும். வெளியேற்றும் குழாய் நீண்டும், வளைந்தும், சுவரோடு நசுங்கியும் இருந்தால், அதைக் குறுக்கி நேராக்க வேண்டும். நம் வீடுகளில் பலர் குழாயே பொருத்தாமல், பின்கட்டின் மூலையில் கதவை மூடி யந்திரத்தை ஓட்டுகிறார்கள். அது வெளிவிட்ட ஆவியைத் தானே மீண்டும் இழுத்துச் சூடாக்கிச் சுற்றிவரும் இந்நிலை, போக்கியை அடைத்துவிட்டு நெருப்பு மூட்டிய புகைக்கூடத்தின் நிலையேயாகும். ஜன்னலைத் திறப்பதே இதற்குப் பரிகாரம். தடித்த ஜீன்ஸையும் துண்டையும் மெல்லிய சட்டைகளோடு கலந்து, உருளை நிரம்பத் திணிப்பதும் தாமதத்திற்குக் காரணம்; மேற்பரப்பின் நீர் விரைவில் போய்விட, தையல் மடிப்புகளுக்குள் ஒளிந்த நீர் மெல்ல மெல்லவே வெளிவரும் ஆதலால், முழுச்சுமையும் அந்தக் கடைசி மடிப்புக்காகக் காத்துச் சுழல நேரிடுகிறது.

பஞ்சுத் தூசைப் பற்றி மற்றோர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அது எளிதில் தீப்பற்றும் பொருள். அமெரிக்க நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் வெளியிட்ட கணக்கின்படி, 2008 முதல் 2010 வரை அங்கே ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீவிபத்துகள் துணி உலர்த்திகளால் நேர்ந்தன. அவற்றுக்குத் தலையாய காரணம் சுத்தம் செய்யாமையே. சமையல் எண்ணெயோ தலைக்குத் தேய்க்கும் எண்ணெயோ ஊறிய துணிகளையும், ரப்பர் அடிப்பாகம் கொண்ட விரிப்புகளையும் உள்ளே இடலாகாது. அளவு மீறிய சூட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி அறுந்திருந்தால், அதைத் தவிர்த்து நேராகக் கம்பியை இணைத்துத் தரும் கைவேலைக்காரரை எக்காரணம் கொண்டும் அனுமதியாதீர்கள். அது அறுந்ததற்கான மூலகாரணம், அநேகமாகக் காற்றடைப்பு, கண்டுபிடிக்கப்பட வேண்டும்.

இவ்வளவு விசாரித்தும் பயனில்லாதபோது, மாற்றுவதா என்னும் கேள்வி எழுகிறது. இதற்கும் ரப்பர்த் தொழிலின் சரித்திரம் விடை வைத்திருக்கிறது. 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிகள், புகைக்கூடத்தின் நாட்கணக்கான தாமதத்தை ஒழிக்க முற்பட்டபோது, நெருப்பைப் பெருக்கும் யோசனையோடு நின்றுவிடவில்லை. தகட்டின் உள்ளிருந்து நீர் மேற்பரப்புக்கு ஊர்ந்து வர ஆகும் காலம், அதன் கனத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப அதிகரிக்கிறது. கனத்தைப் பாதியாக்கினால் காலம் கால்பங்காகும். ஆகவே ரப்பரின் வடிவத்தையே மாற்றினார்கள். உறைபாலில் சிறிதளவு ஆமணக்கெண்ணெய் சேர்த்து, அதைச் சிறு துணுக்குகளாக உதிர்த்து, 100 டிகிரிக்கு மேற்பட்ட காற்றை விசிறியால் அவற்றினூடே செலுத்தியபோது, நாட்களில் ஆன வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. 1965ஆம் ஆண்டில் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் தொடங்கியபின் இம்முறை வேரூன்ற, தோட்டத்துப் புகைக்கூடங்கள் பல காலப்போக்கில் அணைந்தன. அடிப்படை முறையில் முன்னேற்றம் இருந்ததால் அந்த மாற்றம் பொருளுடையதாயிற்று. பழைய கூடத்தை இடித்து அதே போன்ற புதிய கூடம் கட்டியிருந்தால் தாமதம் தாமதமாகவே நீடித்திருக்கும்.

இந்த அளவுகோலை வீட்டிலும் பிரயோகிக்கலாம். ரப்பருக்கு வடிவம் எப்படியோ, துணிக்குப் பிழிவு அப்படி. அதே ஐந்து கிலோ துணியை 1,400 சுற்றில் பிழிந்தால் எஞ்சும் நீர் இரண்டரை லிட்டராகக் குறைகிறது. சுழற்சியால் ஒரு லிட்டர் நீரை வெளியேற்ற ஆகும் மின்சாரம், உஷ்ணத்தால் அதை ஆவியாக்க ஆகும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்கே. ஆதலால் உலர்த்தியை மாற்றுவதற்கு முன், சலவை யந்திரத்தின் உச்ச வேகத்தை உபயோகிக்கிறோமா என்று பார்ப்பது விவேகம். புதிதாக வாங்குவோர், குளிரூட்டியின் தத்துவத்தில் இயங்கி, ஆவியிடமிருந்து உஷ்ணத்தை மீட்டு மீண்டும் உபயோகிக்கும் ஹீட் பம்ப் வகையைத் தேர்ந்தெடுத்தால், மின்சாரச் செலவு சுமார் பாதியாகக் குறையும். ஆனால் அது மிதமான உஷ்ணத்தில் உழைப்பதால் நேரம் கூடுதலாகவே எடுக்கும், விலையும் அதிகம். வேகத்தை நாடி அதை வாங்குகிறவர் ஏமாற்றமடைவார். சிக்கனத்தை நாடி, வாரத்தில் பல நாள் ஓட்டுகிறவர் பயனடைவார்.

தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெல்ட்டு அறுந்தது, கம்பிச்சுருள் எரிந்தது, உஷ்ணக் கட்டுப்பாட்டுக் கருவி கெட்டது என்பவையெல்லாம், உதிரிப் பாகம் கிடைக்கும்வரை, பழுது பார்க்கத் தக்க குறைகளே. மோட்டார் எரிந்துவிட்டாலோ, உருளை துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ, பாகம் கிடைக்காமற் போனாலோ, பழுதுச் செலவு புதிய யந்திரத்தின் பாதி விலையைத் தாண்டினாலோ மாற்றிவிடுங்கள். மின்கம்பிகள் கருகிய நாற்றம் எழுந்தால், உடனே இணைப்பைப் பிடுங்கிவிட்டு மின்பணியாளரை அழையுங்கள். இவற்றில் எதுவும் இல்லாமல் வெறும் தாமதம் மட்டுமே இருக்குமானால், பணப்பையைத் திறப்பதற்கு முன் யந்திரத்தின் வடிகட்டியையும், குழாயையும், அது நிற்கும் அறையின் ஜன்னலையும் திறந்து பாருங்கள்.