அடுக்களைக் கண்ணாடியும் முகவரி இல்லாத விற்பனையும்

விற்று முடிந்த ஒரு பொருளில் மனிதருக்குத் தீங்கு விளைக்கும் குறை இருப்பது தெரியவந்ததும், அதைச் செய்தவரோ இறக்குமதி செய்தவரோ வாங்கியவர்களுக்கு அறிவித்து, பொருளை மீட்டுக்கொண்டு, பணத்தையோ மாற்றுப் பொருளையோ தரும் ஏற்பாடே பாதுகாப்புக் கருதிய திரும்பப் பெறல் எனப்படுகிறது. வண்டிகளுக்குப் பதிவேடு இருப்பதால் உரிமையாளரைத் தேடிக் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். கண்ணாடி மூடிக்கும், அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரத்துக்கும், கண்ணாடித் தளம் கொண்ட எரிவாயு அடுப்புக்கும் அத்தகைய பதிவேடு எதுவும் இல்லை. மலேசியாவின் கெடா மாநிலத்துச் செமிலிங், பீடோங் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் அடுக்களைக்கு இவை வந்து சேரும் வழிகளைப் பார்த்தாலே சிக்கல் விளங்கும்: பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் ரொக்கத்துக்கு வாங்கியவை பாதி என்றால், திருமணத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் அன்பளிப்பாக வந்தவை மீதி. பெட்டி, பிரித்த அன்றே குப்பைக்குப் போய்விடுவதால், தயாரித்த நிறுவனத்தின் பெயர்கூட வீட்டில் மிஞ்சுவதில்லை.

இதைவிட ஆழமான தடை ஒன்று உண்டு. திரும்பப் பெறல் என்பது முறையீட்டில் தொடங்குவது; ஒரே வகைப் பொருள் ஒரே விதமாகப் பல வீடுகளில் பழுதாகிறது என்ற செய்தி ஓரிடத்தில் குவிந்தால்தான் குறை கைத்தவறு அன்று, செய்முறைத் தவறு என்பது வெளிப்படும். கண்ணாடி உடைந்தால் முறையிடுவது நம்மிடையே வழக்கமில்லை. திருஷ்டி கழிந்தது என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோ, கழுவியவரைக் கடிந்துகொண்டோ, துண்டுகளைப் பழைய நாளிதழில் சுற்றி எறிந்துவிட்டு வீடு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது.

திரும்பப் பெறல் உண்மையிலேயே நடந்த ஓர் இடத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1958-இல் அறிமுகப்படுத்திய கார்னிங்வேர் பாத்திரங்கள், கண்ணாடியை மீண்டும் சூடேற்றி நுண்படிகங்கள் உருவாகச் செய்த கண்ணாடிப் பீங்கானால் ஆனவை. வெப்ப அதிர்ச்சிக்கு எளிதில் அசையாதவை என்று பெயர் வாங்கியவை. அப்படியிருந்தும் 1970-களின் பிற்பாதியில் அந்நிறுவனம் தன் காப்பி வடிகலன்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அங்கே உடைந்தது கண்ணாடி அன்று: கைப்பிடி பொருத்திய உலோக வளையத்தைக் கலனோடு இணைத்த பசை நாளடைவில் விட்டுப்போனதால், தூக்கும்போது வளையம் கையிலேயே நிற்க, கொதிக்கும் காப்பியோடு கலன் நழுவி விழும் ஆபத்து இருந்தது. கண்ணாடிப் பொருளை ஆராய்பவர் கண்ணாடியை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. உலோகமும் கண்ணாடியும் வெவ்வேறு அளவில் விரிவதால், அவை சேரும் இடமே பெரும்பாலும் முதலில் தளர்கிறது.

கண்ணாடியே உடையும்போது காரணம் வேறு. கண்ணாடி வெப்பத்தை விரைந்து கடத்தாத பொருளாதலால், சூடான பாத்திரத்தை ஈரமான கல்மேடையில் வைத்த உடன் அடிப்பகுதி மட்டும் குளிர்ந்து சுருங்க, உட்பகுதி விரிந்தபடியே நிற்கும். இந்த இழுபறியில் எழும் விசையைத் தாங்க முடியாதபோது விரிசல் ஓடுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷோட் போரான் ஆக்சைடு சேர்த்து உருவாக்கிய போரோசிலிகேட் கண்ணாடி, சாதாரணச் சோடா சுண்ணாம்புக் கண்ணாடியின் விரிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே விரிவது. அந்த வகைக் கண்ணாடியில்தான் கார்னிங் 1915-இல் பைரெக்ஸ் பாத்திரங்களை விற்கத் தொடங்கியது. பிற்காலத்தில் அமெரிக்காவில் அதே பெயரில் வந்த பாத்திரங்கள் வலிவூட்டிய சோடா சுண்ணாம்புக் கண்ணாடிக்கு மாறின. பிராட், மார்ட்டென்ஸ் என்னும் இரு பொருளறிவியல் அறிஞர்கள் 2012-இல் கணக்கிட்டபடி, திடீர் வெப்ப மாற்றத்தில் போரோசிலிகேட் ஏறத்தாழ 183 பாகை செல்சியஸ் வேறுபாட்டைத் தாங்கக்கூடியதாக இருக்க, சோடா சுண்ணாம்பு வகைக்கு அது 55 பாகை அளவே. வலிவூட்டிய கண்ணாடி கீழே விழுந்தால் எளிதில் உடையாது என்பதும், உடைந்தாலும் கூரிய சில்லுகளாகாமல் சிறு கட்டிகளாகச் சிதறும் என்பதும் உற்பத்தியாளர் தரப்பின் வாதம். அதை ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் பழைய பெயரை நம்பிப் பழைய பழக்கத்தில் பயன்படுத்துபவருக்குப் பொருள் மாறியதை யார் சொன்னார்கள் என்ற கேள்வி நிற்கவே செய்கிறது.

கண்ணாடித் தள அடுப்புகளிலும் இதே வலிவூட்டிய கண்ணாடிதான் உள்ளது. சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிர்விப்பதால் அதன் மேற்பரப்பு இறுக்கத்திலும் உட்பகுதி இழுவையிலும் நிலைத்துவிடுகிறது. ஆகவே மேற்பரப்பைக் கடந்து ஒரு கீறல் உள்ளே இறங்கினால் முழுத் தளமும் ஒரே கணத்தில் நொறுங்கும். இரும்பு நாரால் ஆண்டுக்கணக்கில் தேய்த்த தளமும், கனத்த அம்மிக்குழவி இடித்த ஓரமும், வார்ப்பிலேயே தங்கிவிட்ட நிக்கல் சல்பைடு துகளும் இதற்குக் காரணமாகலாம். அத்துகள் மெல்லப் பருத்து, யாரும் தொடாத நேரத்தில் கண்ணாடியை வெடிக்கச் செய்வதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1961-இலேயே விளக்கிவிட்டார்கள்.

மலேசியச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், தீங்கு விளைக்கும் பொருளைத் தடைசெய்யவும், விற்றவற்றைத் திரும்பப் பெறுமாறு வழங்குநருக்குக் கட்டளையிடவும் அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் கட்டளை பிறந்தாலும் அது எந்த வீட்டுக் கதவைத் தட்டும் என்பதே வினா. இந்தியாவில் மத்தியப் பயனீட்டாளர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தர முத்திரை விதிகளுக்கு உட்படாத பிரஷர் குக்கர்களை விற்ற அமேசான் தளத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, வாங்கிய அனைவருக்கும் அறிவித்துப் பணத்தைத் திருப்பித் தரக் கட்டளையிட்டபோது, விற்கப்பட்ட எண்ணிக்கை 2,265 என்று துல்லியமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு விற்பனையின் பின்னும் ஒரு முகவரி இருந்ததே. இரவுச் சந்தைக் கடையில் அந்தக் கணக்கைக் கேட்டால் கடைக்காரரே சிரித்துவிடுவார்.

முகவரி இல்லாத விற்பனைக்கும் அதே மலேசியச் சட்டம் ஒரு பிடியை வைத்திருக்கிறது. குறையுள்ள பொருளால் விளைந்த தீங்குக்கு உற்பத்தியாளரும், தன் பெயரைப் பொருளில் பொறித்துக்கொண்டவரும், இறக்குமதியாளரும் பொறுப்பாவர். பாதிக்கப்பட்டவர் கேட்டும், நியாயமான காலத்துக்குள் தனக்கு அதை வழங்கியவர் யார் என்று சொல்லாத கடைக்காரரும் அப்பொறுப்பை ஏற்க நேரும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் உடற்காயத்துக்கான கோரிக்கையை அம்மன்றம் ஏற்பதில்லை. வெடித்த அடுப்பின் விலையை அங்கே கேட்கலாம், அதனால் கிழிந்த கைக்கு இழப்பீடு கேட்க நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்படுவது பொருள் எங்கே வாங்கப்பட்டது என்பதற்கான சான்று. ரசீது இல்லாதவருக்கு, அடியில் பொறித்த பெயரோடு எடுத்துவைத்த உடைந்த துண்டும் ஒரு புகைப்படமும் ஓரளவு கைகொடுக்கும்.