ஒரு கைக்கு ஒரு விசைப்பலகை

கணினியில் தமிழ் எழுதுவதற்கு இரு கைகளும் வேண்டும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். பக்கவாதத்தாலோ விபத்தாலோ ஒரு கை தளர்ந்தவர் என் செய்வார்? சிறிய மேசையில் நூலும் ஏடும் பரப்பி எழுதுவோர்க்கும் பாதி அகலமுள்ள பலகை உதவும். ஆகவே, இஃது ஆராயத்தக்க பொருளாகும்.

1968-இல் அமெரிக்க அறிஞர் எங்கெல்பார்ட், ஐந்தே விசைகள் கொண்ட ஒரு கைப் பலகையைப் பலரறியக் காட்டினார். விசைகளைத் தனித்தும் சேர்த்தும் அழுத்தினால் 31 வகை அழுத்தங்கள் பிறக்கும். நம் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. கூட்டினால் அதே 31! இடைவெளி, நிறுத்தக் குறிகள் முதலியவற்றுக்கு மட்டுமே வேறு வழி காண வேண்டும். 247 எழுத்துகளும் இம் முப்பத்தொன்றுள் அடங்குதல் தமிழ் நெடுங்கணக்கின் சிறப்பன்றோ?

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டதே தமிழ்99 விசைப்பலகை. 1997-இல் நம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோர் முயற்சியால் கூடிய தமிழ்நெட் மாநாடு, கணினித் தமிழ் அறிஞர்களை ஒன்றுசேர்த்தது. 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு இப்பலகையை ஏற்றது.

இதில் உயிர்கள் இடப்புறத்தும், மெய்கள் பெரும்பாலும் வலப்புறத்தும் உள்ளன. 'அக்கா' என எழுத அ, க, க, ஆ என நான்கு விசைகள் போதும். புள்ளி தானே விழும். பழைய தட்டச்சில் 'கொ' என்பதற்கு மூன்று அழுத்தம். இதில் க, ஒ என இரண்டே. மேலும், கிரந்த எழுத்துகள் போன்ற சிலவற்றுக்கன்றி மாற்று விசையை அழுத்திப் பிடிக்க வேண்டுவதில்லை. ஒரு கையினர்க்கு இதுவே பெரும்பேறு.

ஆயினும், அவர் கை இருபுறமும் ஓட நேர்கிறது. இதற்குக் கனடா நாட்டு மத்தியாஸ் ஒரு வழி கண்டார். இடைவெளி விசையைப் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்தை அழுத்தினால், மறுபுறத்தில் அதற்கு நேரான எழுத்து விழும். தமிழ்99-ஐ இவ்வாறு மடித்தால் ச, ஞ, ய என்னும் மூன்று மட்டுமே ஓரத்து விசைகளில் எஞ்சும். அவற்றுக்கு இடம் காண்பது அரிதன்று.

லெங்கோக் பாருவில் உள்ள 'எனேபிளிங் வில்லேஜ்' வளாகத்தில் இத்தகைய துணைக்கருவிகளை நேரில் காணலாம். ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: ஒரு கையால் எழுதும் மாணவனின் வேகத்தை அளக்காதீர்கள், அவன் எழுதியதை அளந்திடுங்கள். விரல் குறைந்தமையால் தமிழ் குறைந்துவிடாது.