பூந்தமல்லி முகாமும் வேல்சு வீரர்களின் ஆவணங்களும்

பூந்தமல்லி (பூவிருந்தவல்லி) சென்னைக்கு மேற்கே பெங்களூரு செல்லும் சாலையில் உள்ள ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் இங்கு ஐரோப்பியப் படைமுகாம் ஒன்று இருந்தது. சென்னையில் கப்பலிறங்கிய படைவீரர்கள் தத்தம் படைப்பிரிவுகளுக்குச் செல்லும் முன் இங்கே தங்கவைக்கப்பட்டனர். பிரித்தானியத் தீவுகளின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஆட்கள் சேர்க்கப்பட்டதால் வேல்சு நாட்டவரும் அவர்களுள் இருந்தனர். அவர்களைப் பற்றிய ஆவணங்கள் சென்னை, இலண்டன், வேல்சு என மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கின்றன.

பெயர்ச் சிக்கல்

தேடுவோருக்கு முதல் தடை பெயரே. வேல்சு மக்களிடம் பழங்காலத்தில் குடும்பப்பெயர் இல்லை. தமிழரின் முன்னெழுத்தைப் போலத் தந்தை பெயரே உடன் வரும். 'மகன்' எனப் பொருள்படும் 'ஆப்' என்ற சொல் இடையில் நிற்கும். ஆங்கில வழக்கு பரவியபோது அப்பெயர்கள் உறைந்துபோயின: 'ஆப் ரீஸ்' பிரைஸ் ஆனது, 'ஆப் ஹவெல்' பவல் ஆனது. ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ் போன்ற சில பெயர்களுக்குள் பெரும்பகுதி மக்கள் அடங்கிவிட்டனர். எனவே 'ஜான் ஜோன்ஸ்' என்ற பதிவு கிடைத்ததும் மகிழ்ந்துவிடக் கூடாது. படைப்பிரிவு, படை எண், வயது, பிறந்த ஊர் ஆகியவற்றுள் இரண்டாவது பொருந்த வேண்டும். ஊர்ப்பெயரும் ஏமாற்றும்: 'மேரி கோவில்' எனப் பொருள்படும் லான்வைர், நம் புதூர்களைப் போலப் பல மாவட்டங்களில் உண்டு.

படைப்பிரிவின் பெயரும் சான்றாகாது. 1822இல் சென்னை வந்த 41ஆம் படைப்பிரிவு, 1831இல்தான் வேல்சு என்னும் அடைமொழியைப் பெற்றது. அதில் பிற நாட்டவரும் இருந்தனர். வேல்சு நாட்டவர் பிற பிரிவுகளிலும் இருந்தனர்.

தேடும் இடங்கள்

சென்னை மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் ஆண்டுதோறும் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரித்தானிய நூலகத்தில் 'என்/2' என்ற வரிசையில் அவை உள்ளன, தொடக்கம் 1698. படியெடுத்தவர் பிழை செய்திருக்கலாம் என்பதால், மூலப் பதிவேடு தேவாலயத்தில் இருந்தால் ஒப்பிடுவது நல்லது. கம்பெனியின் சென்னைப் படை ஆவணங்கள் 'எல்/மில்/11' வரிசையில் உள்ளன. அரசப் படையில் ஓய்வூதியம் பெற்று விலகியோரின் தாள்கள் கியூ நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூஓ 97' வரிசையில் கிடைக்கும். பிறந்த ஊரும் முன்னர் செய்த தொழிலும் அவற்றில் இருக்கும். இந்தியாவிலேயே இறந்தவருக்கு அத்தகைய தாள் இல்லை. அவருக்குச் சம்பளப் பட்டியல்களே துணை.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இராணுவத் துறை நடவடிக்கைக் குறிப்புகள் உள்ளன. தனிமனிதர் பெயரைவிட முகாமின் நிர்வாகத்தை அறியவே இவை பயன்படும். கல்லறை வாசகங்களுக்கு ஜே. ஜே. காட்டன் 1905இல் வெளியிட்ட தொகுப்பு இன்றும் முதன்மையானது. கல் சிதைந்த இடங்களில் அச்சிட்ட வரியே எஞ்சியுள்ளது.

வேல்சில் அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள தேசிய நூலகம், 1858க்கு முந்தைய உயில்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. சென்னை ஆளுநராக (1798–1803) இருந்த எட்வர்டு கிளைவின் குடும்பத் தாள்களும் அங்கு உள்ளன.

விடுபட்ட பெயர்கள்

வீரர்கள் பலர் இங்குள்ள பெண்களுடன் வாழ்ந்து பிள்ளைகள் பெற்றனர். பழைய ஞானஸ்நானப் பதிவுகளில் தந்தையின் பதவியும் படைப்பிரிவும் தெளிவாக இருக்க, தாய்க்கு ஒரு கிறித்தவப் பெயர் மட்டுமே இருப்பதுண்டு. சிலவற்றில் அதுவும் இல்லை. அவளுடைய ஊர், பெற்றோர், முந்தைய பெயர் எதுவும் தெரியாது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் தேடல் பெரும்பாலும் இந்த வரியில்தான் நின்றுபோகிறது. பிள்ளைகளின் பிற்காலத் திருமணப் பதிவுகள், ஞானப்பெற்றோர் பெயர்கள், வீரர் எழுதிய உயில் ஆகியவற்றில் சில வேளை அவளது பெயர் மீண்டும் தென்படும்.